ஆற்றுப் படகில் தமிழும் ஏறட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடிதம் நீளமாகத்தான் இருக்கும். சுருக்கித்தான் போடுவீர்கள் என்று தெரியும், இருந்தாலும் மனதில் இருப்பதை முழுக்க எழுதிவிடுகிறேன், எதை வைத்துக்கொள்வது எதை வெட்டுவது என்பது உங்கள் கையில்.

நான் சிங்கப்பூரின் வடக்கே ஈசூனில் இருக்கிறேன், வயது அறுபத்து மூன்று. போன மார்ச்சில் எங்களுக்குத் திருமணமாகி முப்பத்தாறு வருடம் முடிந்தது. எங்கள் மகள் போனிலேயே பணம் கட்டி, சிங்கப்பூர் ஆற்றில் மாலைப் படகுக்கு இரண்டு சீட்டு வாங்கிக் கொடுத்துவிட்டாள். இருவருக்கும் சேர்த்து ஐம்பது வெள்ளிக்கு மேல். எனக்கு முதலில் மனசே வரவில்லை. ஐம்பது வெள்ளிக்குத் தேக்காவில் ஒரு வாரத்துக்குக் காய்கறி வாங்கலாமே என்றுதான் தோன்றியது. கீழ்த்தளத்துக் கோப்பிக்கடையில் சொன்னபோது பக்கத்து புளோக் அக்கா, “அதெல்லாம் டூரிஸ்ட்டுங்க ஏறுறது, இல்லாட்டி புதுசா கல்யாணமான சின்னஞ்சிறுசுங்க ஏறுறது, நீங்க ரெண்டு பேரும் அங்க போய் என்ன பண்ணப் போறீங்க?” என்று கேட்டார். தப்பாகச் சொல்லவில்லை, அன்பாகத்தான் கேட்டார். ஆனால் அந்தக் கேள்விதான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது. பிறந்து வளர்ந்த ஊர், அப்பா வேலை செய்த இடத்துக்கு இரண்டு தெரு தள்ளி ஓடுகிற ஆறு, அதில் ஒரு தடவைகூட நான் படகில் ஏறியதில்லை. அறுபத்து மூன்று வருடமாக!

சரி, போனோம். ஈசூனில் ரயில் ஏறி, டோபி காட்டில் மாறி, அடுத்த நிலையமே கிளார்க் கீ. ஆறேகாலுக்குப் படகுத்துறையில் நின்றோம். போக நினைப்பவர்களுக்கு நேரக் கணக்கை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலரும் இதில்தான் ஏமாறுகிறார்கள். நம் ஊர் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் சூரியன் மறைவது ஆண்டு முழுவதும் ஏழு மணியை ஒட்டித்தான். பிப்ரவரியில் ஏழு இருபது வரை போகும், நவம்பரில் ஏழுக்குக் கொஞ்சம் முன்னாலேயே மறைந்துவிடும். மறைந்த பிறகு இருட்டு சட்டென்று வந்துவிடும், இருபது நிமிடம்கூடத் தாங்காது. படகு போய்த் திரும்ப ஏறக்குறைய நாற்பது நிமிடம். அதனால் ஏழு மணிப் படகைப் பிடித்தால் பாதியிலேயே இருட்டிவிடும். ஆறரை ஒட்டிக் கிளம்பும் படகில் ஏறினால் போகும்போது வெயில், மரினா பேயில் திரும்பும்போது பொன் வெளிச்சம், வரும்போது எதிரே மேற்கு வானம், இறங்கும்போது விளக்கு. ஒரே சீட்டில் நான்கும். நம் ஆறு மேற்கிலிருந்து கிழக்காகக் கடல் பக்கம் ஓடுகிறது, ஆகவே கிளம்பும்போது சூரியன் முதுகுப் பக்கம்தான் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு, முன்னால் உட்கார்ந்தது வீண் என்று நினைக்க வேண்டாம், திரும்பி வரும்போது முன்னால் இருப்பவருக்குத்தான் யோகம்.

படகின் முகப்பில் பெரிய கண் ஒன்று வரைந்திருந்தது, சிவப்பில் வெள்ளை வட்டம், நடுவில் கறுப்புப் பொட்டு. அந்தக் காலத்துச் சரக்குப் படகுகளுக்கு இப்படிக் கண் வரைவார்கள், படகு வழி பார்த்துப் போகட்டும் என்று. சின்ன வயதில் அந்தக் கண்களைப் பார்த்து நான் பயந்திருக்கிறேன். என் வீட்டுக்காரரிடம் அதைச் சொன்னேன். “இப்ப பயமா இருக்கா?” என்று கேட்டுக்கொண்டே மரப்பலகைமேல் இருந்த என் கையின்மேல் கையை வைத்தார். பேருந்துப் பணிமனையில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்த கை, விரல் கணுக்களில் இன்னமும் கறுப்பு போகாது. எங்களைச் சுற்றி முப்பது பேர் இருந்தார்கள், பாதிப் பேர் கையில் போன் வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள், யாரும் எங்களைப் பார்க்கவில்லை. எங்கள் தலைமுறையில் கணவனும் மனைவியும் வெளியில் கைபிடித்துக்கொள்வது வழக்கமில்லை. கோயிலுக்குப் போனாலும் நான்கடி முன்னால் நடப்பார்கள். படகில் அந்த நான்கடி கிடையாது, பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தே ஆக வேண்டும், எழுந்து போக இடமில்லை, தொலைக்காட்சி இல்லை, அடுப்பு இல்லை. இதற்காகவே நம் வயதுக்காரர்கள் போக வேண்டும் என்று நான் மனதாரச் சொல்கிறேன்.

இப்போது குறைக்கு வருகிறேன். படகு கிளம்பியதும் ஒலிபெருக்கியில் பதிவு செய்த குரல் ஆரம்பித்தது, ஆங்கிலத்தில் மட்டும். எந்த நிறுவனம் என்று எழுதப் போவதில்லை, யாரையும் குற்றம் சொல்வது என் நோக்கமில்லை. இடது பக்கம் நாடாளுமன்றம், அதோ 1819இல் ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸ் வந்து இறங்கிய இடம், வலது பக்கம் போட் கீ உணவகங்கள், முன்னால் ஃபுல்லர்ட்டன் கட்டடம், 1928இல் கட்டியது, ஒரு காலத்தில் தலைமை அஞ்சல் நிலையம், இப்போது ஹோட்டல். அப்புறம் சிங்கத் தலையும் மீன் உடலுமான மெர்லயன் சிலை, எட்டரை மீட்டருக்கு மேல் உயரம், எழுபது டன் எடை, 1972இல் திறந்தது, 2002இல் இப்போது இருக்கும் இடத்துக்கு நகர்த்தியது. எல்லாம் சரியான தகவல்தான். சீன வணிகர்களைப் பற்றியும் சொன்னார்கள், போட் கீயின் வளைவு கெண்டை மீனின் வயிறு மாதிரி இருப்பதால் அங்கே செல்வம் சேரும் என்று நம்பினார்கள் என்பதையும் சொன்னார்கள், அது எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் நாற்பது நிமிடத்தில் தமிழர் என்ற சொல் ஒரு தடவைகூட வரவில்லை. ‘இந்தியர்’ என்று பொதுவாகச் சொல்லும் சொல்கூட வரவில்லை. ஆசிரியர் அவர்களே, எனக்கு அங்கேயே நெஞ்சை அடைத்தது.

ஏன் என்று சொல்கிறேன். இந்த ஆற்றில் கப்பலுக்கும் கரைக்கும் நடுவே சரக்கு ஏற்றி இறக்கிய தோணிகளை ஆரம்ப காலத்தில் ஓட்டியவர்களில் நம்மவர்கள் முக்கியமானவர்கள். சூலியாக்கள் என்று அழைக்கப்பட்ட தென்னிந்திய முஸ்லிம்கள், பெரும்பாலும் சோழ மண்டலக் கரையிலிருந்து வந்த தமிழர்கள். பெரிய கப்பல்கள் ஆற்றுக்குள் வர முடியாது, வெளியே நங்கூரம் போட்டு நிற்கும், தோணி போய்த்தான் மூட்டையை வாங்கி வர வேண்டும். அந்த வேலையில் சீனர்கள் பெரிய அளவில் வந்தது அதற்குப் பின்னால்தான். 1860களில் இந்தத் தீவின் கப்பல் வணிகத்தில் முக்கால் பங்கு போட் கீயில்தான் நடந்தது என்று சொல்வார்கள், அந்தச் சரக்கில் எத்தனை மூட்டையைத் தமிழ்க் கை தூக்கியிருக்கும்! அவர்கள் பெயரில்தான் ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கத்தில் இன்றும் சூலியா தெரு இருக்கிறது. அதற்கு முன்னால் அந்தத் தெருவுக்கு இருந்த பெயர் நம்மை இழிவாகக் குறிக்கிற பெயர், 1920களின் தொடக்கத்தில்தான் மாற்றினார்கள். சவுத் பிரிட்ஜ் சாலையில் அவர்கள் கட்டிய ஜாமியா சூலியா பள்ளிவாசல் இருக்கிறது, அதே சாலையில் கொஞ்சம் தள்ளி மாரியம்மன் கோயில். படகுத்துறையில் இறங்கினால் இரண்டுக்கும் நடந்தே போய்விடலாம்.

அந்த மாரியம்மன் கோயிலை 1827இல் எழுப்பிய நாராயண பிள்ளை 1819 மே மாதம் பினாங்கிலிருந்து ராஃபிள்ஸ் வந்த அதே கப்பலில் வந்தவர். செங்கல் சூளை போட்டு, ஊரில் எழும்பிய கட்டடங்களுக்குக் கல் கொடுத்தவர். துணிக்கடை வைத்து, 1822இல் அது தீயில் போய், கடனோடு நின்று, மறுபடி எழுந்தவர். சிங்கப்பூரின் இருநூறாவது ஆண்டு நினைவுக்காக 2019இல் ராஃபிள்ஸ் சிலை பக்கத்தில் நான்கு பேருக்குச் சிலை வைத்தார்களே, சங் நீல உத்தமா, டான் டோக் செங், முன்ஷி அப்துல்லா, நான்காவதாக நம் நாராயண பிள்ளை. பேரனைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். நாட்டுக்கே ஞாபகம் வந்து சிலை வைத்த மனிதரை, அதே இடத்தைத் தாண்டிப் போகிற படகு சொல்லவில்லை என்றால் எப்படி மனது ஆறும்?

கேவனா பாலத்தின் அடியில் போகும்போது என் வீட்டுக்காரர் நிமிர்ந்து அந்த இரும்பை ரசித்துப் பார்த்தார், பணிமனைக் கண் அல்லவா. 1869இல் கட்டிய பாலம், இரும்பு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலிருந்து வந்தது, அதை இங்கே பூட்டியவர்கள் கடல் கடத்தி அனுப்பப்பட்ட இந்தியக் கைதிகள். அவர்கள் இங்கே செய்த கடைசிப் பெரிய வேலைகளில் இது ஒன்று. மாடு, குதிரை போகக் கூடாது, இத்தனை எடைக்கு மேல் வண்டி போகக் கூடாது என்று எழுதிய பழைய பலகை இன்னும் பாலத்து முனையில் இருக்கிறது. நீர் ஏறியிருக்கும் நேரத்தில் தோணிகள் இந்தப் பாலத்தின் கீழே நுழைய முடியாமல், நீர் வடியும்வரை காத்துக் கிடக்குமாம். இப்போது அந்தப் பிரச்சினையே இல்லை, 2008இல் மரினா அணைக்கட்டு வந்த பிறகு கடல் ஏற்ற இறக்கம் உள்ளே வருவதில்லை. 2010க்குள் உப்பெல்லாம் போய் நன்னீராகிவிட்டது. நாங்கள் படகில் மிதந்து போனது நாம் குடிக்கிற தண்ணீரின்மேல்! நாட்டின் பரப்பில் ஆறில் ஒரு பங்கில் பெய்கிற மழை இந்தத் தேக்கத்தில்தான் வந்து சேர்கிறது. அதனால்தான் படகுகளும் மின்கலத்தில் ஓடுகின்றன, புகை இல்லை, எண்ணெய் நாற்றம் இல்லை, சத்தமும் இல்லை. ஒலிபெருக்கி மட்டும் இல்லாவிட்டால் தண்ணீர் பலகையில் உரசுகிற ஒலிகூடக் கேட்கும்.

நாற்றம் என்றதும் அப்பா ஞாபகம் வந்துவிட்டது. தேவகோட்டைப் பக்கத்திலிருந்து 1950களில் வந்தவர். மார்க்கெட் ஸ்திரீட்டில், நாம் செட்டித் தெரு என்போமே, அங்கே ஒரு கிட்டங்கியில் சமையல் வேலை. இன்றைய பிள்ளைகளுக்குக் கிட்டங்கி என்றால் தெரியாது. நீளமான ஒரே கூடம், ஆளுக்கு ஒரு பெட்டி, முன்னால் ஒரு சாய்வு மேசை, கீழே பாய். பகலில் அதுதான் வட்டிக்கடை, ராத்திரி அதே இடத்தில் படுக்கை. ஒரே கூரையின் கீழ் முப்பது நாற்பது கடை. நான் ஆறு வயதில் அப்பாவோடு ஆற்றங்கரை வரை வந்திருக்கிறேன். “மூக்கைப் பொத்திக்க ஆத்தா” என்று தன் துண்டின் நுனியைக் கொடுப்பார், அதில் வெந்தயமும் பெருங்காயமும் மணக்கும். துண்டை எடுத்தால் ரப்பர் நாற்றம், கருவாடு, அழுகின பழம், சேறு எல்லாம் ஒன்றாக. கரைக்கும் தோணிக்கும் நடுவே ஒரு பலகை, ஒரு அடி அகலம்தான் இருக்கும், அதில் ஆட்கள் மூட்டையோடு ஓடுவார்கள், பலகை வில் மாதிரி வளையும். ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு மூங்கில் குச்சி கையில் கொடுப்பார்கள், சாயங்காலம் குச்சியை எண்ணிக் கூலி. இதெல்லாம் என் கண்ணால் பார்த்தது.

பிறகு 1977 பிப்ரவரியில் அப்பர் பியர்ஸ் நீர்த்தேக்கத் திறப்பு விழாவில் பிரதமர் லீ குவான் யூ, பத்து வருடத்தில் இந்த ஆற்றில் மீன் பிடிக்க முடிய வேண்டும் என்று சொன்னார். யார் நம்பினார்கள்? அப்பா நம்பவில்லை. ஆனால் நடந்தது. கரையோரக் குடிசைகள், பன்றிப் பண்ணைகள், வாத்துப் பண்ணைகள், தெருவோரக் கடைகள் எல்லாம் எடுக்கப்பட்டு வேறு இடம் கொடுக்கப்பட்டன, 1983இல் எண்ணூறுக்கும் மேற்பட்ட சரக்குப் படகுகள் பாசிர் பாஞ்சாங்குக்குப் போயின, 1987இல் பணி முடிந்தது. கிட்டங்கிகள் அதற்கு முன்பே, 1970களில், கட்டடங்களுக்கு இடம் விட்டுப் போய்விட்டன. அப்பா அந்தத் தெருவில் வானத்தை முட்டும் கண்ணாடிக் கட்டடம் வந்ததைப் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடினார், ஆற்றில் நீர்நாய் குட்டிகளோடு நீந்துகிற காலத்தைப் பார்க்கவில்லை. அவரை ஒரு தடவை இந்தப் படகில் உட்கார வைத்திருக்கலாமே என்ற ஆதங்கம் எனக்கு அன்று முழுக்க இருந்தது. இப்போதும் இருக்கிறது.

கரையில் செட்டியார்களின் சுவடு ஒன்றும் இல்லாமல் இல்லை. ஆசிய நாகரிக அரும்பொருளகம் பக்கத்தில், அந்தக் கால வட்டிக்கடைச் செட்டியாரிலிருந்து இன்றைய வங்கிக்காரர்கள் வரை காட்டுகிற வெண்கலச் சிலைகள் இருக்கின்றன. எதிர்க்கரையில் ஃபுல்லர்ட்டன் பக்கம் ஐந்து பையன்கள் ஆற்றில் குதிக்கிற சிலை, எல்லாரும் படம் எடுக்கிற சிலை. இன்னொன்று சொல்ல வேண்டும். ஆற்று முகத்தில் ஒரு பெரிய கல்வெட்டுப் பாறை இருந்தது, 1843இல் வெள்ளைக்காரர்கள் வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள், ஒரு துண்டு மட்டும் தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. எழுத்தை இன்றுவரை முழுக்க யாராலும் படிக்க முடியவில்லை. அதில் ஓர் இடத்தைச் சோழ மன்னர்களின் பட்டமான பரகேசரிவர்மன் என்பதன் பகுதியாகப் படிக்க இடமிருக்கிறது என்று 2019இல் ஓர் ஆய்வாளர் சொன்னார். முடிவான விஷயம் இல்லைதான், ஆனால் அந்த இடத்தைத் தாண்டும்போது இதைக் கேட்டால் எந்தப் பிள்ளையும் கழுத்தை நீட்டித் தண்ணீரைப் பார்க்கும்.

மரினா பேக்குள் படகு நுழைந்தபோது ஏழாக ஐந்து நிமிடம் இருக்கும். இங்கே சூரியன் தண்ணீரில் இறங்குவதைப் பார்க்க முடியாது, மேற்கே முழுக்க வங்கிக் கட்டடங்கள். ஆனால் எதிரே மரினா பே சாண்ட்ஸின் மூன்று கோபுரங்களும் மேற்கைப் பார்த்து நிற்கின்றன, ஐம்பத்தைந்து மாடிக் கண்ணாடியும் ஒரே நேரத்தில் பற்றிக்கொள்கிறது. முதலில் வெள்ளி நிறம், பிறகு மஞ்சள், பிறகு கற்பூரம் ஏற்றிய தட்டு மாதிரி ஒரு ஆரஞ்சு, அது கீழ் மாடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அணைந்துகொண்டே மேலே ஏறுகிறது, கடைசியில் உச்சியில் ஒரு கோடு மட்டும் நின்று அதுவும் போய்விடுகிறது. தண்ணீரில் அத்தனையும் தலைகீழாக. நான் அவர் தோளில் சாய்ந்துவிட்டேன். “எலிசபெத் வாக் ஞாபகம் இருக்கா?” என்றார். எப்படி மறக்கும்? நிச்சயம் ஆன பிறகு அம்மாவுக்குச் சொல்லாமல் ஒரே ஒரு தடவை அங்கே வந்து உட்கார்ந்திருக்கிறோம், பக்கத்தில் இறைச்சியைக் குச்சியில் கோத்துச் சுடுகிற சாத்தே கடைகளின் புகை, முன்னால் உப்புக் காற்று. இருவருக்கும் சேர்த்துப் பத்துக் குச்சி சாத்தே வாங்கினார், பையில் அவ்வளவுதான் இருந்தது. அதே இடத்துக்கு நேர் எதிரே இப்போது படகில் மிதக்கிறோம், உப்புக் காற்று மட்டும் இல்லை. அந்த நிமிடத்தில் ஒலிபெருக்கி, ஏதோ ஒரு கட்டடம் எத்தனை மீட்டர் உயரம் என்று சொல்லிக்கொண்டிருந்தது.

படகை ஓட்டியவர் எழுபதை நெருங்கிய சீனர். நான் எழுந்து போய் பாசார் மலாயில், அதாவது சந்தையில் எல்லாரும் பேசுகிற கொச்சை மலாயில், ஐந்து நிமிடம் சத்தத்தைக் குறைக்க முடியுமா அண்ணே என்று கேட்டேன். என்னைப் பார்த்தார், என் வீட்டுக்காரரைப் பார்த்தார், சிரித்துக்கொண்டே குமிழைத் திருகிவிட்டார். படகே ஒரு பெருமூச்சு விட்ட மாதிரி இருந்தது. போனோடு நின்றவர்கள்கூட ஒவ்வொருவராக உட்கார்ந்துவிட்டார்கள். திரும்பும் வழியில் அந்தப் படகோட்டியே பேச்சுக் கொடுத்தார். அவர் அப்பா இதே ஆற்றில் சரக்குப் படகு ஓட்டியவராம். “டூலு சினி பூசோக் லா,” என்று மூக்கைச் சுளித்துக் காட்டினார். அந்தக் காலத்தில் இங்கே நாறும் என்கிறார். எனக்கா தெரியாது? என் அப்பா மார்க்கெட் ஸ்திரீட் என்றேன். “செட்டி?” என்றார். செட்டி இல்லை, செட்டிக்குச் சமைத்தவர் என்றேன். கிட்டங்கிப் பக்கத்திலிருந்து மதியம் வரும் குழம்பு வாசனையை அவர் அப்பா சொல்வாராம். ஆற்றின் நாற்றத்தையும் மீறி வருமாம். ஆசிரியர் அவர்களே, அது என் அப்பா வைத்த குழம்பாகவே இருக்கலாம்! ஒலிபெருக்கி நாற்பது நிமிடத்தில் சொல்லாததை அந்த மனிதர் நான்கு வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

எதிரே மேற்கு வானம் செம்பருத்தி நிறத்தில் இருந்தது. போட் கீயின் பழைய கடைவீடுகளில் விளக்குகள் ஒவ்வொன்றாக வந்தன. மரங்களில் மைனாக்கள் அடைகிற இரைச்சல். கிளார்க் கீ வந்துவிட்டது, இறங்க மனமில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. தமிழ் இந்த நாட்டின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று. படகு நடத்துகிற நிறுவனங்கள் தமிழிலும் ஒரு பதிவு வைக்கட்டும், கேட்கிறவர் காதுக்கருவியில் கேட்டுக்கொள்ளட்டும், மற்றவர்களுக்குத் தொந்தரவு இல்லை. அது முடியாது, செலவு என்றால், இருக்கிற ஆங்கிலப் பதிவில் இரண்டே நிமிடம் சூலியாத் தோணிக்காரர்களுக்கும், நாராயண பிள்ளைக்கும், செட்டித் தெருவுக்கும், பாலத்தைப் பூட்டிய கைதிகளுக்கும் கொடுக்கட்டும். ஜெர்மனியிலிருந்து வருகிறவருக்கும் ஜப்பானிலிருந்து வருகிறவருக்கும் அது தெரிய வேண்டாமா? எழுதிக் கொடுக்க நம்மிடம் ஆள் இல்லையா? பல்கலைக்கழகத்தில் தமிழ் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள், வானொலியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அருமையான குரல்கள் இருக்கின்றன, நம் அமைப்புகள் ஒன்று சேர்ந்து ஒரு நல்ல பதிவைத் தயாரித்துப் போய்க் கொடுத்தால் வேண்டாம் என்று யார் சொல்லப் போகிறார்கள்? முதலில் போய்க் கேட்க வேண்டும். நாம் கேட்டதே இல்லை, ஏனென்றால் நாம் அந்தப் படகில் ஏறியதே இல்லை.

இன்னொரு வேண்டுகோள், மாலைப் படகில் சூரியன் மறைகிற அந்தப் பத்து நிமிடம் ஒலிபெருக்கியை நிறுத்திவிடுங்கள். அந்த நேரத்துப் படகுக்குச் சீட்டு வாங்குகிறவர்கள் கட்டடத்தின் உயரத்தைத் தெரிந்துகொள்ள வரவில்லை, பக்கத்தில் இருப்பவரோடு இருக்க வந்திருக்கிறார்கள். பகல் படகில் எவ்வளவு வேண்டுமானாலும் பேசட்டும்.

வாசகர்களுக்கும் சொல்கிறேன், முக்கியமாக என் வயதுப் பெண்களுக்கு. அவர் கூப்பிடட்டும் என்று காத்திருக்காதீர்கள், நம் வீட்டு ஆண்களுக்குக் கூப்பிடத் தெரியாது, கூட்டிக்கொண்டு போனால் வருவார்கள். வார நாளில் போங்கள், கூட்டம் குறைவு. ஒரு துண்டோ சால்வையோ எடுத்துக்கொள்ளுங்கள், திரும்பும்போது காற்று கொஞ்சம் குளிரும். மழை மேகம் இருந்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள், இந்த ஊர் மழை சொல்லிக்கொண்டு வராது. இறங்கியதும் நேரே வீட்டுக்கு ஓடாமல் சவுத் பிரிட்ஜ் சாலைவரை நடந்து போய் மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு வாருங்கள், நாங்கள் அப்படித்தான் செய்தோம், நடை சாத்தும் முன்பே போய்விட்டோம்.

அடுத்த மாதம் தேவகோட்டையிலிருந்து என் அக்காவும் அத்தானும் வருகிறார்கள். அப்பா அனுப்பிய பணத்தில் அங்கேயே வளர்ந்தவள் அக்கா, செட்டித் தெருவைக் கடிதத்தில் மட்டுமே அறிந்தவள். ஆறேகாலுக்குப் படகுத்துறையில் நிற்க வேண்டும் என்று இப்போதே சொல்லிவைத்திருக்கிறேன். தமிழ்ப் பதிவு அதற்குள் வராது, தெரியும். வலது கரையில் நீளமாக ஒரு கூடம் இருந்தது, அதன் பின்கட்டில் நம் அப்பா அடுப்பு எரித்தார் என்று நானே சொல்லிக்கொண்டு வருவேன்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகி